பெரியவருக்கு ஒரு வணக்கம்

டீ நன்றாக இருக்கிறது. சர்க்கரைதான் ஒரு கரண்டி கூடிவிட்டது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்தவனை உட்காரச் சொல்லி டீ கொடுத்தீர்களே, இந்த மருத்துவக் கல்லூரியில் இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் அதைச் செய்ததில்லை. அந்த மரியாதைக்காகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியவரைக் கொன்றது நான்தான். ஒரு தடவை அல்ல, பல தடவை.

பெரியவர் என்பது பயிற்சி அறைக் கட்டிலில் படுத்திருக்கும் பொம்மை. உங்களில் இருவர் வெளியிலிருந்து வந்திருப்பதால் விளக்கிச் சொல்கிறேன். ரப்பர் தோல், கொஞ்சம் வழுக்கை, எப்போதும் பாதி திறந்த வாய். மூச்சு விடுவார், கண் சிமிட்டுவார், மணிக்கட்டைப் பிடித்தால் நாடி துடிக்கும், கேட்டால் பதிலும் சொல்வார். மாணவர்கள் உயிருள்ள ஆட்களிடம் போகுமுன் இவரிடம் தப்புப் பண்ணிப் பழகட்டும் என்பது ஏற்பாடு. அவருடைய மூச்சு, நாடி, குரல் எல்லாம் பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில், என் கையில் இருக்கின்றன. இடையில் ஒரு கண்ணாடி. என் பக்கம் அது ஜன்னல். அவர்கள் பக்கம் அது முகம் பார்க்கும் கண்ணாடி. மாணவர்கள் அதன் முன் நின்று தலை வாருவார்கள், பல்லில் சிக்கியதை எடுப்பார்கள், பருவைக் கிள்ளுவார்கள். ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

கடைசி வருஷப் பரீட்சையில் பெரியவருக்கு ஒரு நோய் கொடுப்பார்கள். மாணவர் உள்ளே வந்து அதைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்க்க வேண்டும். சரியாகப் பார்த்தால் நான் பெரியவரைத் தேற்ற வேண்டும். தப்பாகப் பார்த்தால் மோசமாக்க வேண்டும். பெரியவர் பிழைத்தால் பாஸ், இறந்தால் ஃபெயில். மூலை நாற்காலியில் தாடிப் பேராசிரியர் உட்கார்ந்து மார்க் போடுவார். நாலு தடவை தோற்றவர் படிப்பையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை.

முதல் சாவு ஒரு குடையால் வந்தது. அன்றைக்கு நல்ல மழை. ஒரு மாணவன் உள்ளே வந்தான். சொட்டச் சொட்ட நனைந்த குடையைப் பெரியவர் கையில் மாட்டினான், சாப்பாட்டுப் பையை அவர் வயிற்றின் மேல் வைத்தான், பிறகு வைத்தியத்தை ஆரம்பித்தான். வைத்தியம் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தக் குடையைப் பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை. பெரியவரின் நாடி விழ ஆரம்பித்தது. நான் விழவைத்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. அவருக்கே வெறுத்துப் போயிருக்கும். நான் குறுக்கே நிற்கவில்லை.

பேராசிரியர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீண் கலக்கம். டாக்டர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நீங்களும் டாக்டர்கள்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருத்தர் செத்துவிட்டார் என்று சொன்னால் போதும், ஏன் செத்தார் என்பது அவர்களுக்குத் தானாக வந்துவிடும். தாடியைத் தடவிக்கொண்டு, மருந்தை ஏற்றிய வேகம் அதிகம் என்றார் அவர். மாணவனும் ஆமாம் சார் என்று தலையாட்டினான். அடுத்த வாரம் இன்னொருவன் கையில் பெரியவர் போனபோது, வேகம் போதவில்லை என்றார். அவனும் தலையாட்டினான்.

அப்போதுதான் எனக்குள் ஒரு சட்டம் உருவானது. உள்ளே வந்ததும் பெரியவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். தொடுமுன் கேட்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் நெஞ்சில் வைக்க வேண்டும். இதைச் செய்கிறவர் கையில் பெரியவர் பிழைப்பார், செய்யாதவர் கையில் பிழைக்கமாட்டார். வைத்தியத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். மரியாதையை எங்கே போய்ப் படிப்பது? நான் செய்ததெல்லாம் நோயாளிகளின் நன்மைக்காக. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனாலும் விடுதியில் எந்தப் புத்திசாலிக்கோ மூக்கில் வியர்த்துவிட்டது. அதன்பிறகு பயிற்சி அறை அறையாகவே இல்லை, சொந்தக்காரர் வீடாகிவிட்டது. வணக்கம் ஐயா, சாப்பிட்டீர்களா ஐயா, தலையணை உயரம் போதுமா ஐயா என்று ஒரே உபசாரம். ஒரு பெண் பெரியவருக்குக் குளிருமே என்று காலுறை கொண்டுவந்து மாட்டினாள். இவ்வளவு கேட்கும்போது பதில் சொல்லாமல் இருப்பது நன்றாக இருக்காது என்று நானும் மைக்கில் நோயைத் தாண்டிச் சொந்தக் கதையும் பேச ஆரம்பித்தேன். பெரியவர் ஓய்வு பெற்ற தபால்காரர் ஆனார். முட்டிவலி வந்தது. வெளிநாட்டில் ஒரு பையன் வந்தான், அவன் போன் பண்ணுவதே இல்லை. அதைக் கேட்டு ஒரு மாணவன் ரப்பர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அவனுக்கு முழு மார்க். எனக்கும் வெளிநாட்டில் ஒரு பையன் இருக்கிறான். அது வேறு விஷயம்.

நூலகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான். அதையும் என் தலையில் கட்டுவீர்கள் என்று தெரியும். உடைந்த காலுக்கு ஒரு மாணவன் இருமல் மருந்து கொடுத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடுக்கும்போது காற்றாடி வேகம் போதுமா தாத்தா என்று எவ்வளவு பதமாகக் கேட்டான் தெரியுமா? பெரியவர் உடனே தேறினார். பேராசிரியர் அதற்கும் காரணம் கண்டுபிடித்தார், நோயாளிக்கு மனசு தெம்பானால் எலும்பும் தெம்பாகிவிடுமாம். அந்த வருஷம் கல்லூரியில் எல்லோரும் பாஸ். முதல்வர் மேடையில் கேடயம் வாங்கினார்.

எல்லோரும் என்றால் ஒருத்தியைத் தவிர.

அவளை நான் உம்மணாமூஞ்சி என்று வைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் நேராகக் கட்டிலுக்கு வருவாள், மணிக்கட்டைப் பிடிப்பாள், ஒரு வார்த்தை கிடையாது. அவள் கை தடுமாறி நான் பார்த்ததில்லை. எந்த நோய் கொடுத்தாலும் கொடுத்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். வணக்கம் சொல்லித் தொலையேன் என்று தோழிகள் கெஞ்சினார்களாம். பொம்மைக்கு வணக்கம் சொல்கிற நேரத்தில் ஒரு ஊசி போட்டுவிடலாம் என்றாளாம். மூன்று தடவை பெரியவர் அவள் கையில் செத்தார். மூன்றாம் தடவை பேராசிரியருக்கே காரணம் வரவில்லை, தாடியை வெகுநேரம் தடவினார்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

"சில சமயம் அப்படித்தாம்மா," என்றார் அவர்.

கண்ணாடிக்குக் கீழே கை கழுவும் தொட்டி இருக்கிறது. அங்கே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்ப்பது வேறு, சட்டம் வேறு.

நடுவில் எனக்கே நெஞ்சுவலி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தேன், இடது கை கல்லாகக் கனத்தது, சட்டையைப் பிழிகிற மாதிரி வியர்த்தது. மனைவி என்னை வண்டியில் போட்டு நம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள். அவசரப் பிரிவில் அன்றைக்கு டியூட்டி டாக்டர், போன வருஷம் பாஸான பையன். அவனுக்கு நான் வைத்த பெயர் சர்க்கரைக்கட்டி. பரீட்சை முழுக்கப் பெரியவரோடு பேசிக்கொண்டே இருந்துவிட்டு, மருந்துப் பெட்டியைத் திறக்காமலே முதல் மார்க் வாங்கினவன்.

என்ன மரியாதை, என்ன மரியாதை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். வணக்கம் ஐயா, உங்களைத் தொடலாமா என்றான். தொடலாம்பா என்றேன், அதற்கு மேல் மூச்சு வரவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். எத்தனை பிள்ளைகள், வீட்டில் மாடிப்படி ஏறுவது சிரமமா, உங்களுடையது காதல் கல்யாணமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் கையால் உருவான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

"தம்பி, அவருக்கு உதடெல்லாம் நீலமாயிட்டு வருது," என்றாள் மனைவி.

"கவலப்படாதீங்கம்மா. மொதல்ல நீங்க சாப்டீங்களா?" என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்து, வார்டில் உட்கார்ந்து படிப்பதற்காகப் புத்தகமும் கையுமாக அந்தப் பக்கம் போன உம்மணாமூஞ்சி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புத்தகங்களை என் மனைவி மடியில் போட்டாள். வணக்கம் இல்லை, தொடலாமா இல்லை. கத்தரிக்கோலை எடுத்து என் புதுச் சட்டையைக் கழுத்திலிருந்து கீழே வரை வெட்டினாள். பித்தான்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, கழற்றியிருக்கலாம். வாயில் மாத்திரையைத் திணித்து, மெல்லுங்க, முழுங்காதீங்க என்றாள். சில்லென்று ஒயர்களை ஒட்டினாள், வந்த தாளைப் பார்த்தாள், போனில் யாரையோ எழுப்பித் திட்டினாள், கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினாள். திருப்பத்தில் சுவரில் ஒரு இடி வேறு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் மிஞ்சியிருக்கமாட்டார் என்று அடைப்பை எடுத்த பெரிய டாக்டர் சொன்னார்.

"அந்தப் பொண்ணுதாங்க உங்களுக்கு உசுரு குடுத்தா," என்றாள் மனைவி. "எங்க பாத்தாலும் கையெடுத்துக் கும்பிடுங்க."

எல்லாம் சரி, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொட்டிருக்கலாம் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் காலையில் உம்மணாமூஞ்சி வார்டுக்கு வந்து என் ரிப்போர்ட்டைப் புரட்டினாள். இவர் இங்கேதான் வேலை பார்க்கிறார், அந்தப் பொம்மை ரூமில், கண்ணாடிக்குப் பின்னால் என்று மனைவி பெருமையாகச் சொல்லிவைத்தாள். அவள் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு அவளுடைய நாலாவது பரீட்சை வந்தது. பேராசிரியர் பெரியவருக்குக் கொடுத்த நோய் நெஞ்சுவலி. நான் நன்றி மறந்தவன் இல்லை. அன்றைக்கு அவளைப் பாஸாக்கிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வணக்கம். தலையை லேசாக ஆட்டினால்கூடப் போதும் என்கிற அளவுக்கு இறங்கி வந்திருந்தேன்.

கதவைத் திறந்தாள். வழக்கம்போல் கட்டிலுக்குப் போகவில்லை. நேராகக் கண்ணாடியிடம் வந்தாள். தலை வாரவில்லை, முகம் கழுவவில்லை. என் கண் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்ட மாதிரி சரியாக அங்கே பார்த்தாள்.

"வணக்கம் சார். வலி ஏதும் இருக்கா? மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?"

என்னை அறியாமல் பதில் சொல்லிவிட்டேன். மைக் திறந்திருந்ததால் அது அவளுக்குப் பின்னாலிருந்து, பெரியவர் வாய் வழியாக வந்தது.

"இப்ப பரவால்லம்மா. என் பையன்கூட ஒரு வார்த்த கேக்கல."

பேராசிரியர் பேனாவைக் கீழே போட்டார். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள், வேலையை ஆரம்பித்தாள். பெரியவரின் சட்டையைக் கத்தரித்தாள், மாத்திரை, ஒயர், போன், எல்லாம் எனக்குச் செய்தது மாதிரியே. ஒரு பிசகு இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து திரையே சரியாகத் தெரியவில்லை. தெரிந்த மட்டும் பார்த்து, பொத்தானை அழுத்தினேன். பெரியவர் இறந்தார்.

இந்த முறை பேராசிரியர் தாடியைத் தடவவில்லை. எழுந்து வந்து என் அறைக் கதவைத் திறந்தார். என் விரல் அப்போதும் பொத்தான் மேல்தான் இருந்தது.

அவளுக்கு நீங்கள் மறுபரீட்சை வைக்கப்போவதாகக் கேள்வி. வையுங்கள், எனக்கு அவள் மேல் கோபம் கிடையாது. என் உயிர் அவள் போட்ட பிச்சை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் என் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கட்டிலில் நோயாளி ஒருவர் கிடக்கிறார். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடிக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்தனிடம் போய் வலி இருக்கிறதா என்று விசாரிக்கிற பெண்ணை, எந்த மனசாட்சியோடு நான் டாக்டராக்குவது?