மூவாயிரமெல்லாம் கொறையாது சார்

மூவாயிரமா! என்ன சார் நீங்க, வாய்க்கு வந்ததச் சொல்லுதீங்க... கோவிச்சுக்கிடாதீங்க. மதிப்புப் போடுதது உங்க தொழில், நான் இல்லைங்கல. ஆனா ஒரு லைட்டு உடைஞ்சு பானெட்டு கொஞ்சம் மடங்கினதுக்கு, பியட்டு காரு வெலையில மூவாயிரமா விழும்? பன்னெண்டாயிரத்துக்குக் கேட்ட வண்டி சார் இது. சாகுபுரத்து ஆபீசர் ஒருத்தர் அட்வான்சோட நின்னாரு. இப்ப வேண்டாமாம். அடிபட்ட வண்டியாம். ஏன், அடிபட்ட மனுசன் யாரும் ஊர்ல நடமாடலையா?

எங்க தேவதாசன் அத்தான் பைக்குல விழுந்து காலு ரெண்டு துண்டு. அதுக்கப்புறந்தான் பொண்ணு பாத்தாங்க. கேட்ட நகையில ஒரு குண்டுமணி கொறைச்சாங்களா? ம்ஹும்! ஆளுக்கே கொறையல, வண்டிக்கு என்ன கொறையுதுங்கேன்.

குனிஞ்சு பாக்குதீங்களா... பாருங்க, பாருங்க. மோர் கொண்டாரட்டா? வேண்டாமா? ஏளா பிச்சம்மா, பிள்ளையத் தொட்டில்ல போடாத, இப்பத்தான் பால் குடிச்சிருக்கான்!... பத்து மாசம் சார். அவன் தூங்குனாத்தான் எனக்கு மூச்சு.

என்னது, கையில? வெள்ளையா... உப்பா? கடக்காத்து சார். இந்த ஊர்ல கதவுத் தாழ்ப்பாளே பூத்துப் போகுதே... கல்லு கல்லாவா? காத்து பலமா அடிச்சிருக்கும். ஐயோ, நாக்குல வைக்காதீங்க!

சரி, ஆயிரம்னு போடுங்களேன். நஷ்டத்தக் கொறைச்சுப் போடச் சொல்லுத ஆள இன்னைக்குத்தான் பாக்குதீங்களா? சிரிக்காதீங்க சார். எங்க வீட்ல இவுக இருக்காகளே... ஹார்பர்ல கப்பல் ஏஜெண்டு ஆபீஸ், கோவம் வந்தா முழுக்க இங்கிலீசு... என்ன சொல்லியிருக்காக தெரியுமா? வெல எவ்வளவு விழுந்திருக்குன்னு நீங்க எழுதித் தாரீங்களோ, அத்தனையும் டிரைவர் நல்லக்கண்ணு சம்பளத்துல பிடிக்கணுமாம். மாசம் அம்பது. மூவாயிரம்னா அஞ்சு வருசம் சார்! அவருக்கு மூணு பிள்ளைங்க. அவரும் ‘ஆமாய்யா, நாந்தான் இடிச்சேன்’னு தலையக் குனிஞ்சிட்டு நிக்காரு.

எதுல இடிச்சாரா... அவரு எங்க சார் இடிச்சாரு.

நாந்தான் நச்சரிச்சேன். முத்தையாபுரத்துக்கு அங்கிட்டு ரோடு காலியாக் கெடக்கு, ஓட்டச் சொல்லிக்குடுங்கன்னு. நல்லாத்தான் ஓட்டுனேன். அப்புறம் வண்டிய நிறுத்திட்டு அவரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு எறங்கி, தூரத்துல கப்பலக் காட்டிட்டு நிக்காரு. மழை பிடிச்சிட்டு. பிள்ளை நனையுமே! எதுத்தாப்புல பாத்தா, ஓலை வேஞ்ச பெரிய கொட்டகை. வண்டிய அதுக்குள்ள விட்டுட்டா... என்ன? பிள்ளைய வண்டிக்குள்ள ஏத்தியிருக்கலாமேங்கீங்களா? அது இப்பத் தெரியுது சார்.

நான் சாத்தான்குளத்துக்காரி. கல்யாணமாகி வந்து ரெண்டு வருசங்கூட ஆகல. எங்க ஊர்ல ஓலை வேஞ்சிருந்தா அதுக்குள்ள எடம் இருக்கும்! நேரா விட்டேன். ‘கிரேசிம்மா, அது கொட்டகையில்ல! உப்பு அம்பாரம்!’னு அவரு பிள்ளையோட ஓடியாராரு. மழையில கரையக்கூடாதுன்னு உப்பு மேல ஓலை போட்டு மூடியிருக்கு. எனக்கு யாரு சொன்னா? வண்டி மூக்கு முழுக்க உள்ள போனப்புறந்தான் தெரிஞ்சுது.

வீட்டுல நான் பொய் சொல்லல சார். கான்வென்ட்ல படிச்சவ, பொய் வராது. அவுக டிரைவரத் திட்டுனாக. நான்... சும்மா இருந்தேன். அவ்வளவுதான். ரெண்டு நாளா சும்மாவே இருக்கேன்.

என்ன, எழுதிட்டீங்களா? மூவாயிரமேதானா! கையெழுத்தும் போட்டாச்சா... சரி, குடுங்க. உள்ளதத்தான எழுதியிருக்கீங்க.

கேட்டு சத்தம்... ஐயையோ, இவுக வந்துட்டாக! சார், ஒரு அஞ்சு நிமிசம் இருங்க. வெளியாளு முன்னால இவுக சத்தம் போட மாட்டாக. சார்! அந்தப் பக்கம் வழி கெடையாது சார்... மதிலயா ஏறுதீங்க! பேண்டு கிழிஞ்சிரப் போவுது!

போயிட்டாரு.

வாங்க... ஆமா, மதிப்புப் போடுதவரு இப்பத்தான் போனாரு. மூவாயிரமாம். இல்ல, இருங்க, நல்லக்கண்ணுவக் கூப்பிடாதீங்க. முதல்ல ஒக்காருங்க. அந்த அம்பது ரூவாய எங்கிட்டப் பிடிங்க.