நான்காவது டேக்கின் சத்தம்

ஒட்டடைக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி, அரை நாள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றிருக்கிறீர்களா? முதலில் தோள் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். மரத்த பிறகு கஷ்டமில்லை. இப்போது நான் தோஹாவில் ஏசி மெக்கானிக். இங்கேயும் கையைத் தூக்கித்தான் வேலை.

எங்கள் படத்துக்கு மொத்தமே நான்கு பேர். தென்காசியில் செல்போன் கடை வைத்திருந்த ஜெபஸ்டின் டைரக்டர். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கும் சண்முகப்பிரியா கேமரா. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் முத்துராஜ் அண்ணாச்சி ஹீரோ. நான் சவுண்ட். யாருக்கும் சம்பளம் கிடையாது. கூட்டம் குறைந்த செவ்வாய்க்கிழமைகளில் ஷூட்டிங். இரண்டு வருஷம் அப்படிப் போனது. அதுவரை நான் பிடித்த சத்தம் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. எல்லாவற்றையும் ஜெபஸ்டின் டப்பிங்கில் மாற்றிவிட்டான்.

கடைசி சீனில் அண்ணாச்சி பிணமாக ஓடையில் மல்லாந்து கிடக்க வேண்டும். கண் மூடியிருக்கும், காது தண்ணீருக்குள் இருக்கும். பெரிய அருவியில் தண்ணீர் கூடினால் போலீஸ் விசில் ஊதி ஆட்களை வெளியேற்றும். தோப்புக்குள் ஓடுகிற அந்த ஓடைக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். ஹெட்போன் போட்டிருப்பவன் நான். மேலே சத்தம் மாறினால் நான் கத்த வேண்டும். அந்த யோசனையைச் சொன்னதும் நான்தான்.

முதல் டேக்கில் பஸ் ஹாரன் கேட்டது, நிறுத்தச் சொன்னேன். இரண்டாவதில் மயில். மூன்றாவதில் "தண்ணி வருது" என்று கத்தினேன். அண்ணாச்சி விழுந்தடித்துக் கரையேறினார். ஒன்றும் வரவில்லை, காற்றுதான்.

"ஏலே, இனி வாயத் தொறந்தேன்னா கம்பப் புடுங்கி ஓடையில வீசிருவேன்" என்றான் ஜெபஸ்டின். "ஒன் சவுண்ட எவம்லே கேக்கான்? டப்பிங்ல பாத்துக்கிடலாம்."

சண்முகப்பிரியா சிரித்தாள். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"அவன வையாதீக தம்பி. எனக்காவத்தான கத்துதான்" என்றார். "செத்தவனுக்கு என்ன அவசரம்? இன்னொருக்க படுத்துக்கிடுதேன். குளுருதான் தாங்கல."

படுத்தார்.

நான்காவது டேக்கில் ஒரு நிமிடம் கழித்து அது வந்தது. காற்று என்று நினைத்ததாக போலீஸிடம் சொன்னேன். காற்று மைக்கில் ஊதுகிற மாதிரி கேட்கும். இது தரைக்கு அடியிலிருந்து வந்தது. கல்லைக் கல் உருட்டுகிற சத்தம். இவ்வளவு கனமான சத்தத்தை அதுவரை நான் கேட்டதே இல்லை. கம்பை மேட்டுப் பக்கம் திருப்பினேன். சத்தம் பக்கத்தில் வந்தால் பதிவு கரகரத்து உடைந்துவிடும் என்று ரெக்கார்டரில் லெவலைக் குறைத்தேன். காற்று என்று நினைத்தவன் லெவலைக் குறைக்க மாட்டான். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

தண்ணீர் வர முப்பது நொடி இருந்தது. அண்ணாச்சி கரைக்கு வர ஏழெட்டுக் காலடி போதும். ஆனால் நான் பேசினால் என் குரலும் அதில் பதிவாகிவிடும்.

ஜெபஸ்டின் கத்தியபோது தண்ணீர் வளைவைத் தாண்டிவிட்டது. அவனும் சண்முகப்பிரியாவும் மேலே பாறையில் இருந்தார்கள், நான் கரைமேட்டில். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்த மூன்று பேரில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, இரண்டு கிலோமீட்டர் கீழே வாழைத்தோப்பு வேலியில் அவர் உடலை எடுத்தார்கள். அவர் மனைவி முத்துலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டுக்கு வந்து பதிவை முழுதாக ஒரு முறை கேட்டேன். டேக் குறிக்கிற நோட்டில் நான்காவதுக்கு நேரே ஓகே என்று எழுதினேன்.