காலை வேளையின் கடைசி இடம்

நான் தொலைபேசியில் யாரிடமும் எரிந்து விழுந்ததில்லை. இருதய டாக்டரைப் பார்க்க நேரம் கேட்பவர்கள் எல்லோருமே அவசரம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஏப்பம் வந்தால்கூட அவசரம்தான். அத்தனை பேரையும் உள்ளே விட்டால் டாக்டர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டியதுதான். யாராவது வடிகட்ட வேண்டாமா? கூட வேலை செய்பவர்கள் எனக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமை.

முதல் தடவை யார் கேட்டாலும், "இடமில்லைங்க, அடுத்த வாரம் கூப்பிடுங்க" என்பேன். நிஜமான நோயாளி மறுபடி கூப்பிடுவார். கூப்பிடாதவருக்குக் குணமாகிவிட்டது என்று அர்த்தம். இடம் இல்லாமலும் இல்லை. காலை வேளையின் கடைசி இடத்தை, உண்மையிலேயே முடியாத ஒருவருக்கென்று தினமும் ஒதுக்கி வைப்பேன். அப்படி யாரும் அமையாததால் அந்த நேரத்தில் டாக்டர் காபி குடிப்பார்.

ஒரு தையல்காரரும் கூப்பிட்டார். "மூச்சு வாங்குதும்மா. மெஷினை மிதிக்கவே முடியல," என்றார். வழக்கமான பதிலைச் சொன்னேன். அடுத்த வாரம் சொன்னபடி மறுபடி கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நிறுத்தி, நிதானமாகப் பேசினார். தேவலை போலிருக்கிறது என்று இன்னொரு வாரம் தள்ளினேன்.

மூச்சுத் திணறல் எப்படியிருக்கும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். என் அப்பா அப்படித்தான் போனார். ஆனால் இவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, இவரைவிட முடியாதவர் ஒருவர் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?

பிறகு அவர் கூப்பிடவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் மனைவி நேரில் வந்தார். "அவரு போயிட்டாரும்மா. கடைசி வரைக்கும், அந்தப் பொண்ணுக்கு எவ்வளவோ வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதேன்னாரு," என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். தனக்கும் நெஞ்சை அடைக்கிறது, இடது தோள் விண்விண்ணென்று வலிக்கிறது, டாக்டரை ஒரு நிமிஷம் பார்க்கலாமா என்று கேட்டார். உள்ளே டாக்டர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அடுத்த வாரம் கூப்பிடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவரும் இன்னும் கூப்பிடவில்லை. குணமாகியிருக்கும்.