பின்பக்கத்தை மட்டும் மாற்றினேன்

வேலைக்கு நடுவே பக்கத்தில் நின்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. மாப்பிள்ளை அந்த ரகம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர்.

தன் சின்ன ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டிவிட்டார். ஏற்றத்தில் வண்டி திணறியது. இழுவை கூடுவதற்காக முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலை, அதாவது சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியை, மாற்றித் தரச் சொன்னார்.

"உங்க கை பட்டாத்தான் மச்சான் எனக்கு நம்பிக்கை" என்றார்.

அவர் வாயால் நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்கச் சிரிப்பு வந்தது. பட்டறை எங்கள் இருவருடையது. இடுப்பெலும்பு முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓசைப்படாமல் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். திரும்பி வந்தபோது நான் அங்கே கூலியாள். அதைக்கூட ஜீரணித்துவிட்டேன். தங்கை தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்குச் சோறு ஊட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு டிஃபரன்ஷியலிலும் பல் கணக்கு ஒத்துப்போக வேண்டும். நான் பின்பக்கத்தை மட்டும் மாற்றினேன். முன்பக்கத்தைத் துடைத்துப் பெயின்ட் அடித்து வைத்தேன். சாதாரண ரோட்டில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும், ஒரு முனகலும் இருக்காது. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் மல்லுக்கட்டும். ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. மலை இறக்கத்தில் அவர் அதைப் போடுவார். அப்படிப் போடச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து, "சும்மா பறக்குது மச்சான்" என்று தோளில் தட்டினார். அதற்குள் தங்கை வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அவளும் அவரோடு மலைக்குப் போவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே போன நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பட்டறை விஷயமா இன்னைக்கு அவர்கிட்டப் பேசிடப் போறேண்ணே. எனக்கு மனசே கேக்கல."

இவ்வளவு நாள் கேட்ட மனசு இன்றைக்குத்தான் கேட்கவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை இறங்கச் சொல்ல நேரம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"பெல்ட்டப் போட்டுக்கோம்மா" என்றேன். அவள் போட்டு முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பள்ளத்திலிருந்து எடுத்தபோதும் பெல்ட்டோடுதான் இருந்தாளாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கூடப்பிறந்தவள் மேல் எனக்கு அக்கறை இல்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.