பாடாமல் விட்ட பதினொரு நிமிடம்

இசை நாடகம் இயற்றுவதே இன்னுயிர் என வாழ்ந்த எங்கள் ஐலா கோர்பெலா அம்மையாரே! இரும்புச் சுரங்கத்து இருளையும் ஏரிக் காற்றின் இரைச்சலையும் இசையாக்கிய இணையற்ற ஆற்றலே! ஓய்வு பெறும் இந்நாளில் உடன் உழைத்தோரின் வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டுகள் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரத்து இவ்வரங்கிலேயே தங்கி நான்கு ஓபராக்கள் தந்தீர்கள். அரங்கேறிய இரவில் எழுந்து நின்று கைதட்டிய இந்த நாடு, எதையும் இரண்டாம் முறை மேடையேற்ற முன்வரவில்லை. அதற்காகத் தாங்கள் யாரையும் நொந்துகொண்டதில்லை. கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே பியானோ முன் உட்கார்ந்து, ஒரே அடியை நாற்பது முறை திருத்திப் பாடகர்களின் உயிரை வாங்குவீர்கள். அந்தப் பிடிவாதத்தையும் போற்றுகிறோம்.

ஆனால் ‘ஏரிக்கு அடியில்’ ஓபராவைப் பற்றிப் பேசாமல் இம்மடலை முடித்தால் நாங்கள் மனிதர்களே அல்ல. வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் மாண்ட பத்தொன்பது பேரின் கதை அது. அவர்களில் ஒருவர் தங்கள் தந்தை. கடைசிப் பாட்டில் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாய் வரும். இறுதி ஒத்திகையில் நாடகம் மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. அதற்குமேல் வாத்தியக்காரர்கள் எழுந்து போய்விடலாம் என்பது இங்கே ஒப்பந்தம். பதினொரு நிமிடம் குறைக்கச் சொன்னது நிர்வாகம். கடைசிப் பாட்டை எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னது நாங்கள். இசைத்தாள்களில் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்ததும் நாங்களே. மறுத்தால் நாடகமே நின்றுவிடும் என்று தாங்கள் சம்மதித்துத் தலையசைத்தீர்கள்.

மறுநாள் அரங்கேற்றத்துக்கு, தொண்ணூற்றொரு வயதில், சக்கர நாற்காலியில், அந்த ஒரு பெயரைக் கேட்கவே தங்கள் தாயார் வந்திருந்தார். திரை விழுந்ததும் அவர் கேட்டது பக்கத்தில் நின்ற எங்கள் காதிலும் விழுந்தது.

“ஐலா, அப்பா பேரு வரவே இல்லையேம்மா? நான் தூங்கிட்டேனா?”

“ஆமாம்மா, கொஞ்சம் கண்ணசந்துட்ட. வந்துச்சு, நல்லா பாடினாங்க.”

“அடப்பாவமே, அதுக்குன்னே வந்துட்டு இப்படித் தூங்கித் தொலைச்சேனே!”

எங்கள்மேல் ஒரு பழியும் போடாமல் தாங்கள் சொன்ன பொய் அது. அந்தப் பனிக்காலத்திலேயே அவர் போய்விட்டார், தன்னையே நொந்துகொண்டு.

ஒட்டிய காகிதங்களையெல்லாம் பிரித்தெடுத்துவிட்டு, இவ்விழாவில் அப்பாட்டைப் பாட அனுமதி கேட்டுப் போன வாரம் தங்கள் வாசலில் நின்றோம். கோபமே இல்லாமல்தான் கேட்டீர்கள்: “என் மனசு ஆறப் பாடுறீங்களா, உங்க மனசு ஆறவா?”

அப்படியே படியிறங்கித் திரும்பி வந்துவிட்டோம். ஆகவே இன்று அப்பாட்டு இல்லை. உடல் நலமும் நீண்ட ஆயுளும் பெற்றுத் தாங்கள் வாழ வேண்டும். எங்களை மன்னிக்கவும் வேண்டும் என்று இந்த வாழ்த்தோடு சேர்த்துக் கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை.

தங்கள் அரங்கத்துப் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், இசைத்தாள் அறைப் பணியாளர்கள்