நான்கு சுவருக்குள் ஓர் அழுகை

இந்த வீட்டு பீர் புளித்துத்தான் இருக்கும், ஐயா. உங்களை அவமதிக்க ஊற்றியது என்று நினைக்காதீர்கள். வாரின் பிரபு தன் சொந்த விருந்தாளிகளுக்கும் இதைத்தான் ஊற்றுகிறார். நல்ல பீப்பாய் நிலவறையில் பூட்டிக் கிடக்கும், சாவி அவர் இடுப்பில் இருக்கும். போன வருஷம் பிஷப் வந்தபோதுகூட அது வெளியே வரவில்லை. அந்தப் பெரிய மனிதர் முகத்தைச் சுளிக்காமல் குடிக்கப் பட்ட பாட்டை நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திரைக்குப் பின்னால் நிற்பது எனக்குப் பழக்கம். இந்த ரெட்மியர் ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

அந்தப் பீப்பாய் ஒரே ஒரு தடவை வெளியே வந்தது. நீங்கள் விசாரிக்க வந்திருப்பதும் அந்த நாளைப் பற்றித்தான்.

மருத்துவச்சி ஹாவிஸ் பங்குச் சாமியாரிடம் போய் அழுதிருக்கிறாள். செத்துப் பிறந்தது என்று புதைத்த குழந்தை கால் உதைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறாள். அவள் பார்த்தது சரிதான். அவளைப் போட்டுப் படுத்தாதீர்கள், பாவம். அவளுக்கு அன்று கை நிறைய வேறு வேலை இருந்தது.

என் பெயர் எம்மட். பிரபுவின் மனைவி இடோனியா சீமாட்டியின் பணிப்பெண். பணிப்பெண் என்பது வெளியே சொல்கிற பேச்சு. என் அம்மாவிடம் பால் குடித்துத்தான் அவள் வளர்ந்தாள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். நாலு பேர் முன்னால் அவள் எனக்கு 'அம்மா'. கதவைச் சாத்திவிட்டால் 'கண்ணு'.

வாரின் பிரபுவுக்குப் பெரிய பெயர் உண்டு, பெரிய வாள் உண்டு, நிலம்தான் கிடையாது. ஆற்றோரப் புல்வெளி, தண்ணீர் ஆலை, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடம், எல்லாமே இடோனியாவின் தகப்பனார் அவளுக்கு விட்டுப்போனது. பிள்ளை இல்லாமல் அவள் செத்தால் அத்தனையும் அவள் தங்கை ரோஹீஸுக்குப் போய்விடும். பிரபு குதிரையோடு வந்தவர், குதிரையோடு போகவேண்டியதுதான். ஆனால் ஒரு குழந்தை உயிரோடு பிறந்து, இந்த நான்கு சுவருக்குள் அது அழுததை ஆண்கள் காதால் கேட்டுவிட்டால் போதும். அடுத்த நிமிஷம் அது செத்தாலும் சரி, கூடவே தாய் செத்தாலும் சரி, புருஷன் தன் ஆயுசு முழுக்க அந்த நிலத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். உங்களுக்குத் தெரியாத சட்டமா. பிரசவ அறைக்குள் ஆணுக்கு இடமில்லை. அதனால் ஆணின் காதுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அறைக்குள் இருக்கிற பெண்கள் கேட்டது எந்தச் சபையிலும் செல்லாது. ஆதாயம் பார்க்கிற புருஷன் தானே கேட்டேன் என்றாலும் செல்லாது.

இடோனியாவுக்கு ஏற்கெனவே இரண்டு பிறந்தன. இரண்டும் சத்தமில்லாமல் வந்தன. ஹாவிஸ் பிரபுவிடமே போய்ச் சொன்னாள்.

"எசமான், இன்னொண்ணு இப்போதைக்கு வேணாம். அம்மா ஒடம்பு தாங்காது."

"நீ உன் வேலையப் பாரு, என் வேலைய எனக்குச் சொல்லித் தராத" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் காரியஸ்தரிடம் பேசியதைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன். "ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து கத்திட்டா போதும்பா. அப்புறம் ரெண்டையும் ஆண்டவர் எடுத்துக்கிட்டாலும் நான் குறுக்க நிக்க மாட்டேன்." காரியஸ்தர் சிரித்தார். சம்பளம் வாங்குகிறவர் சிரிக்கத்தானே வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, ஐயா. குரலும் உயராது. கை குளிர்ந்துபோகும். அன்று குளிர்ந்த கை பிறகு சூடாகவே இல்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தேன். அவள் சாவதாக இருந்தால், அவள் சாவில் அவர் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

பிப்ரவரியில் வலி கண்டது. பிரசவ அறை எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் கம்பளித் திரை தொங்கவிட்டு, சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சு திணித்து வைப்போம். வீட்டில் எந்த முடிச்சும் கட்டியிருக்கக் கூடாது, பிரசவம் சிக்கிக்கொள்ளும் என்பார்கள். எல்லாம் செய்திருந்தோம். பிரபு கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"அந்த ஜன்னலத் தொறங்க."

"எசமான், வெளிய பனி கொட்டுது. அம்மாவுக்கு நடுக்கம் எடுத்துடும்" என்றாள் ஹாவிஸ்.

"நடுங்கட்டும். சத்தம் வெளிய வரணும்."

திறந்தோம். எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு பெஞ்சு, ஒரு கணப்புச் சட்டி, அந்த நல்ல பீப்பாய். பெஞ்சில் ஆலைக்கார ஹாமோவும் பங்குச் சாமியார் ஆஸ்பர்ட்டும் சாட்சிகளாக உட்கார்ந்திருந்தார்கள். ஹாமோ ஒரு குவளைக்கு எதை வேண்டுமானாலும் சத்தியம் செய்வான். சாமியார் அப்படி இல்லை. குடிப்பார், தூங்குவார், பொய்ச் சத்தியம் மட்டும் செய்யமாட்டார். சாமியார் கேட்காததை ஹாமோ கேட்டேன் என்றால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

"ஏன் சாமி, காலம் பூரா ஆலைக் கல்லு பக்கத்துல நின்னவன் நானு. எம் பொண்டாட்டி கத்துறதே எனக்குக் கேக்காது. என்னையப் போயி இதுக்குக் குந்த வெச்சிருக்காரே."

"உன் பொண்டாட்டி கத்துறது ஊருக்கே கேக்குது ஹாமோ. உனக்கு மட்டும் கேக்காதது ஆண்டவரோட கிருபை. பேசாம குடி."

வாயில் துணியைக் கடித்துக்கொண்டிருந்த இடோனியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அந்த நல்ல பீப்பாயாடி? எனக்கு ஒரு மடக்கு குடுக்கச் சொல்லுடி எம்மட், நாக்கு ஒட்டுது" என்றாள். கதவருகே போய்க் கேட்டேன்.

"அவளுக்கு எதுக்கு? அது சாட்சிக்காரங்களுக்கு" என்றார் பிரபு.

புளித்ததைத்தான் கொண்டுவந்து கொடுத்தேன். நல்லதுதான் என்று சொன்னேன். அவள் நம்பிக் குடித்தாள்.

சாயங்கால மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. கூடவே இரத்தம் கொட்டியது. இடோனியாவின் முகம் மெழுகு மாதிரி ஆனது. "போயிடுவாங்க போல, எம்மட், இதப் புடி" என்று குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஹாவிஸ் அவள் பக்கம் திரும்பினாள். குழந்தை கால் உதைத்தது. மூச்சை உள்ளே இழுத்தது. அழுவதற்குத்தான்.

துணியோடு சேர்த்து என் உள்ளங்கையை அதன் வாயில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் சொல்கிறேன், ஐயா. உங்கள் எழுத்தர் 'அழுத்தினாள்' என்று எழுதுகிறார் போலிருக்கிறது. திருத்தச் சொல்லுங்கள்.

கொஞ்ச நேரம்தான் என்று நினைத்தேன். சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிக்கச் சாமியார் எழுந்து போவார். சாமியார் போனால் ஹாமோவும் போவான். அதற்குப் பிறகு அது எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும், துணிக்கூடையில் போட்டு ரோஹீஸ் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தேன். ஆனால் சாமியார் எழுந்திருக்கவில்லை. பீப்பாயில் இன்னும் இருந்தது. அன்று ரெட்மியரில் சாயங்கால மணியே அடிக்கவில்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வழக்கம்போலப் புளித்த பீரை ஊற்றியிருந்தால் அந்தக் குழந்தை இன்று தவழ்ந்துகொண்டிருக்கும். இதற்கு யார் பொறுப்பு என்று நீங்கள் பிரபுவையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இடோனியா கண்ணைத் திறந்தாள். "எம்மட், ஏண்டி அழல?"

"தூங்குது, கண்ணு."

"பொறந்த ஒடனே தூங்குமா?"

"உன்ன மாதிரிதானே இருக்கும்" என்றேன். சிரித்தாள். அப்போது குழந்தையின் குதிகால் என் முழங்கையில் பட்டது. பிறகு படவில்லை.

ஞானஸ்நானம் கொடுத்தாயா என்று கேட்பீர்கள். சாமியார் ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தார். ஒரு குரல் போதும். அவசரத்துக்கு ஹாவிஸே தண்ணீர் ஊற்றலாம். ஆனால் உயிர் இருந்தால்தானே தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் ஊற்றினால் உயிர் இருந்தது என்று ஆகிவிடுமே. ஞானஸ்நானம் இல்லாததற்கு உள்ளே இடமில்லை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, முட்செடிக்குள்ளே, முந்திய இரண்டுக்கும் பக்கத்தில் புதைத்தோம். அவற்றுக்கு ஒரு துணை.

பிரபு குவளையைச் சுவரில் எறிந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். அதையும் ஒளிக்கவில்லை.

ஒன்றுதான் நான் நினைத்தபடி நடக்கவில்லை. இடோனியா சாகவில்லை. காய்ச்சல் வந்தது, போனது. ஈஸ்டருக்கு எழுந்து உட்கார்ந்து விலாங்கு மீன் கேட்டாள். அவள் உயிரோடு இருக்கிறவரை நிலம் அவர் கையில்தான். அன்று அந்தக் குழந்தை அழுதிருந்தால் அவருக்கு வேண்டியது கிடைத்திருக்கும், அவள் அறைப் பக்கமே வந்திருக்கமாட்டார். அழவில்லை; அதனால் மறுபடி வந்தார். இப்போது அவளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது. நிலவறையில் புதுப் பீப்பாய் இறக்கிவிட்டார்கள். இந்தத் தடவை தாங்காது என்று ஹாவிஸ் சொல்கிறாள்.

காலையில் தலை வாரும்போதெல்லாம் இடோனியா ஒன்றையே கேட்கிறாள். "ஒரு தடவையாவது அழுதுச்சாடி? மயக்கத்துல நாந்தான் கேக்காம விட்டுட்டேனா?" இல்லை கண்ணு, என்பேன். தன் வயிற்றுக்குக் குரலுள்ள பிள்ளையைப் பெறும் யோகம் இல்லை என்று அவள் தன்னையே திட்டிக்கொள்வாள். நான் சிக்கெடுத்து முடிப்பேன்.

சரி, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உயிரோடு பிறந்தது. நான்தான் கொன்றேன். 'அழுத்தினாள்' என்றே இருக்கட்டும். கயிற்றுக்கும் நான் பயப்படவில்லை, நடந்தே வருகிறேன். செய்ததெல்லாம் அவளுக்காகத்தான், ஐயா.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.