பேட்டரிக்குப் பாரம்

“பொம்பளப் புள்ள கார் பேட்டரி ரிப்பேர் படிச்சி இன்னா பண்ணப் போவுது?” என்று கேட்டார் மாமா, குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கப் போன என்னிடம்.

படிப்பை முடித்து ஊர் திரும்பியபின் ஒருநாள், திருத்தணி மலைக்கோயில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம் அவர் மனைவி படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

“பாரம்னு என்னை எறக்கி உட்டுட்டு காரு மட்டும் மலையேறுதா? வேண்டுதல் எனக்கா, அதுக்கா பாவா?”

“பேட்டரி பழசாயிடுச்சிமே. புதுசுல ஒரே சார்ஜுல திருப்பதி போயி வந்த கரண்டு காரு, இப்ப திருத்தணி மலைக்கே தத்தளிக்குது. வித்துடலாம்.”

“நான் ஓட்டக் கத்துகினதே அதுலதான். விக்கக் கூடாது.”

“சரி பண்ண இந்த ஊர்ல யாரு கீறாங்க?”

“முருகர் கீறாரு. எறங்கறப்ப நான் ஓட்டறேன், நீங்க படியில வாங்க.”

அடிவாரத்தில் என் பேட்டரி பட்டறைக்குப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுத்தான் அன்று மலையேறியிருந்தேன்.